வானமலைக்கு நாலு சோடிப் பனிச்சப்பாத்து

என் கணவரின் அண்ணனுக்கு நோர்வேயின் வடகரையில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை. எங்களுக்கு ஆறேழு வருடம் முந்தியே அங்கு போய்ச் சேர்ந்தவர். அந்த மூப்பை அவர் எந்தக் கடிதத்திலும் விட்டுக்கொடுத்ததில்லை. நாங்கள் டென்மார்க்குக்கு வந்து விபோர்க்கில் ஒரு மாடிவீட்டில் குடியேறிய நாளிலிருந்து மாதம் ஒரு கடிதம் வரும். முதல் பந்தியில் சுகம் விசாரிப்பார். இரண்டாம் பந்தியில் தன் சன்னலுக்கு வெளியே தெரியும் மலைகளைப் பற்றி எழுதுவார். மூன்றாம் பந்தியில் எங்களை நினைத்துக் கவலைப்படுவார். "உங்கட டென்மார்க் ஒரு தோசைக்கல்லு. அதிலை மனிசர் என்னெண்டு இருக்கினமோ தெரியேல்லை."

என் கணவர் அந்தக் கடிதங்களை இரண்டு தரம் வாசிப்பார். பிறகு மடித்து உறைக்குள் வைத்துவிட்டுச் சன்னலடியில் போய் நிற்பார். எங்கள் சன்னலுக்கு வெளியே ஒரு கார்த் தரிப்பிடம் இருந்தது. அதற்கு அப்பால் ஒரு வயல். அதற்கும் அப்பால் இன்னொரு வயல். பாவம், எவ்வளவு நேரம் நின்றாலும் அவ்வளவுதான்.

எண்பத்தைந்தின் கடைசியில் ஒருநாள், நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் பள்ளிக்கூடத்தால் ஓடி வந்து, சப்பாத்தைக் கழற்ற முதலே சொன்னாள்: "அப்பா, இஞ்சையும் மலை இருக்கு! ஹிம்மல்பியர். ஹிம்மல் எண்டால் வானம். பியர் எண்டால் மலை."

"வானமலையோ?" என்று கேட்டபடி இவர் கதிரையை விட்டு எழும்பினார்.

"ஓம். டீச்சர் படத்திலை காட்டினவ."

அன்றே அண்ணனுக்குக் கடிதம் போனது. இவர் யாழ்ப்பாணக் கச்சேரியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்தவர். தன் கையால் எழுதும் எதிலும் ஓர் எழுத்துப் பொய் வரக்கூடாது என்பது அவருக்கு விரதம் மாதிரி. ஆகையால் இரண்டே வசனம் எழுதினார். 'இங்கேயும் ஒரு மலை உண்டு. அதன் பெயர் வானமலை.' இரண்டும் சத்தியம்.

மூன்று கிழமை கழித்து நோர்வேயிலிருந்து ஒரு பார்சல் வந்தது. நீளமாக, பாரமில்லாமல். பிரித்தால் உள்ளே அரிசி புடைக்கும் சுளகு, நாலு சோடி. முதலில் எனக்கு அப்படித்தான் பட்டது. மரத்தை வளைத்துச் செய்த சட்டம், நடுவில் தோல்வாரால் பின்னிய வலை, காலை வைத்துக் கட்ட இரண்டு பட்டி. இரண்டு சோடி பெரிது, இரண்டு சோடி சின்னது. கூடவே ஒரு துண்டு: "உது பனிச்சப்பாத்து. ஆழமான பனியிலை கால் புதையாமல் நடக்கிறதுக்கு. வானமலையிலை ஏறேக்கை உதவும். போட்டுக்கொண்டு ஏறிப் படமெடுத்து அனுப்புங்கோ. பாக்க வலு ஆசையா இருக்கு."

"உங்கட அண்ணைக்குப் பகிடி முத்திப்போச்சு" என்றேன்.

இவர் சிரிக்கவில்லை. ஒரு சுளகை எடுத்துத் தட்டிப் பார்த்தார், கச்சேரியில் பழைய பதிவுக் கோவையைத் தூசு தட்டுவது போல. "மாசியிலை பிள்ளையளுக்கு லீவுதானே. போவம்" என்றார்.

போவதற்கு வழி காட்டியவர் எங்கள் மொழிப்பள்ளி ஆசிரியை. அவருக்கு அந்த மலையின் அடிவாரத்தில், ஏரிக்கரையில், ஒரு சின்ன மரவீடு இருந்தது. கோடையில் மட்டும் போய் இருப்பார்களாம். மாசியில் அங்கே போக ஆட்கள் இருக்கிறார்கள் என்று கேட்டதும் அவர் வாய் திறந்தபடி நின்றார். அங்கே என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். இவர் தன் மிகச் சிறந்த டேனிஷில் "மலை ஏறுவோம்" என்றார். ஆசிரியை சற்று யோசித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தியா பிந்தியா என்று கேட்டார். அது பகிடி என்று எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. இவர் பணிவாக, "முழுநாளும் எடுக்கும் என நினைக்கிறேன்" என்றார். ஆசிரியை மரவீட்டுக் கதவின் திறப்பைக் கையில் தந்துவிட்டார்.

முழுநாளுக்கு ஏற்றபடி ஆயத்தம் நடந்தது. நான் புட்டு அவித்துக் கட்டினேன். பருத்தித்துறை வடை ஒரு பிஸ்கட் தகரம் நிறைய. முட்டைப் பொரியல், சம்பல். இவர் ஒரு விசில், ஒரு டோர்ச், தைலப் போத்தல், இரண்டு சுடுதண்ணிப் போத்தல் எல்லாம் அடுக்கினார். கடைசியில் குளியலறைக்குள் போய் என் நீலநிற நைலோன் உடுப்புக் கொடியை அவிழ்த்துக்கொண்டு வந்தார்.

"உதேன்?"

"மலை ஏறுற ஆக்கள் கயித்தாலை கட்டிக்கொண்டுதான் போறவை. ஒராள் விழுந்தால் மற்ற ஆக்கள் பிடிப்பினம்."

இரண்டு பஸ் மாறி, மிச்சத்தை நடந்து, பொழுதுபடுவதற்குள் மரவீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். பனி முழங்கால் மட்டும் கிடந்தது. ஏரி உறைந்து வெள்ளையாய்க் கிடந்தது. வீட்டுக்குப் பின்னால் இலையில்லாத மரக்காடு மேலே ஏறிப் போனது. உச்சி தெரியவில்லை. முகில் மூடியிருந்தது. இவர் வாசலில் நின்று நெடுநேரம் மேலே பார்த்தார். "முகிலுக்கு மேலை போகுது" என்றார் மரியாதையான குரலில்.

அடுத்த நாள் விடிந்ததும் புறப்பட்டோம். காலில் சுளகு கட்டி நடப்பதற்கென்று ஒரு நடை இருக்கிறது. காலை அகட்டி, வாத்தைப் போல இரண்டு பக்கமும் ஆடியாடி நடக்க வேண்டும். அது தெரியாமல் நான் வழக்கம் போல நடந்தேன். வலது சுளகு இடது சுளகின் மேல் ஏறிக்கொண்டது. என் காலில் நானே மிதித்து நிற்கிறேன், கழற்றவும் முடியவில்லை. அப்படியே முகம் குப்புற விழுந்தேன். ஏழு வயது மகன் கைதட்டினான். "எழும்பும், எழும்பும், தலைமயிரெல்லாம் பனி" என்று என்னைத் தூக்க வந்த இவர், தன் சுளகை என் சுளகின் மேல் வைத்தார். பிறகு இரண்டு பேரும் கிடந்தோம்.

அதன் பிறகுதான் கயிறு. முன்னுக்கு இவர், அடுத்து மகள், அடுத்து மகன், கடைசியில் நான். நாலு பேரின் இடுப்பையும் என் உடுப்புக் கொடி இணைத்தது. ஒராள் விழுந்தால் மற்றவர்கள் பிடிப்பார்கள் என்றாரே, நடந்தது வேறு. ஒராள் விழுந்தால் நாலு பேரும் விழுந்தோம். மகன் இதைக் கண்டுபிடித்த பிறகு வேண்டுமென்றே விழத் தொடங்கினான். அவன் பனியில் குந்தினால் போதும், நாங்கள் மூன்று பேரும் படுத்துவிடுவோம். விசிலை ஊதி ஊதி இவருக்கு மூச்சு முட்டியது.

அப்படி ஒருதரம் நாலு பேரும் கிடந்தபோது கீழேயிருந்து ஒரு கிழவி ஏறி வந்தா. எழுபது வயதிருக்கும். காலில் சாதாரண றப்பர் சப்பாத்து. கையில் ஒரு வார், வாரின் நுனியில் வயிறு நிலத்தில் தேயும் குட்டைக்கால் நாய் ஒன்று. வழக்கமாக ஆட்கள் நடந்து நடந்து பனி இறுகிப்போன பாதையில் அவ வந்தா. நாங்கள் பாதையைக் காணாமல் அதற்குப் பக்கத்தில் காட்டுக்குள்ளால் ஏறிக்கொண்டிருந்தோம். கிழவி நின்று எங்களை, காலில் இருந்த சுளகுகளை, நீலக் கயிற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வணக்கம் சொன்னா. நாங்கள் படுத்தபடியே வணக்கம் சொன்னோம். அவ மேலே போய்விட்டா. நாங்கள் எழும்பிப் பனியைத் தட்டி, கயிற்றுச் சிக்கெடுத்து, இன்னும் இருபது அடி ஏறுவதற்குள் திரும்பி இறங்கி வந்தா. மறுபடி வணக்கம்.

"மேலை போகேலாமல் திரும்பிட்டா போலை" என்றார் இவர் இரக்கத்தோடு. "வயசு போன மனிசிதானே."

ஒன்பதரை மணிக்கு மரங்கள் விலகின. முன்னால் வெளிச்சமாய் ஒரு வெளி. செங்கல்லால் கட்டிய ஒரு கோபுரம். பூட்டிய ஒரு ஐஸ்கிறீம் கடை. அதற்கு அப்பால், வடிவாகப் பனி வழித்துத் துப்புரவாக்கிய கார்த் தரிப்பிடம். அதில் ஒரு கார். காருக்குள் ஒருவர் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். மற்றப் பக்கத்தால் ரோட்டு மேலேயே வருகிறது என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

கயிற்றால் கட்டுண்டு, காலில் சுளகோடு, தலைமயிரெல்லாம் பனியோடு காட்டுக்குள்ளிருந்து வந்த நாலு பேரை அந்த மனுஷர் பார்த்தார். தோடம்பழச் சுளை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. கண்ணாடியை இறக்கி, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்.

"கீழேயிருந்து" என்றாள் மகள்.

அவர் தலையாட்டிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார்.

மகள் பெயர்ப்பலகையை வாசித்தாள். சந்தேகமில்லை. வானமலைதான், உச்சிதான். இவர் கோபுரத்தின் அடியில் போய்க் குந்தினார். நான் வேறென்ன செய்வது? புட்டைப் பிரித்தேன். முழுநாளுக்கென்று கட்டிய சாப்பாட்டைக் காலை பத்து மணிக்குள் தின்று முடித்தோம்.

"அண்ணைக்கு என்ன எழுதுறது?" என்றார் கடைசி வடையைக் கடித்தபடி. அந்தக் குரலைக் கேட்க எனக்கு ஒருமாதிரிப் போய்விட்டது. இந்த நாட்டுக்கு வந்து ஒன்றரை வருடமாக மனுஷன் எல்லாரிடமும் எல்லாவற்றையும் தெரியாது, விளங்கவில்லை, மன்னியுங்கோ என்று சொல்லிச் சொல்லியே களைத்துப் போயிருந்தார். இந்த ஒரு மலையாவது உயரமாய் இருந்திருக்கலாம்.

ஆனால் எனக்கு இரக்கமும் பகிடியும் எப்போதும் கூடவே வரும். கமராவை எடுத்து இவரை ஒரு படம் எடுக்கப் பார்த்தேன். கோபுரம் குறுக்கே நின்றது. தள்ளிப் போனால் கார் வந்தது. கடைசியில் சரிவுப் பக்கம் கொஞ்சம் இறங்கிப் பனியில் முதுகால் படுத்துக்கொண்டு மேலே பார்த்தேன். கோபுரத்தைக் காணவில்லை. காரைக் காணவில்லை. வானம், ஒரு வெள்ளைச் சரிவு, அதன் விளிம்பில் இடுப்பில் கயிறு கட்டி, கால்களில் பெரிய சுளகோடு ஓர் ஆம்பிளை. கமராவைக் கொஞ்சம் சரித்தேன். சரிவு செங்குத்தாகியது.

"இஞ்சாருங்கோ," என்றேன், "அந்தக் கயித்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடியுங்கோ. மூஞ்சையைக் கொஞ்சம் கஷ்டப்படுற மாதிரி வையுங்கோ."

"ஏன்?"

"நோர்வேக்கு."

விளங்கியதும் கோபம் வந்தது. "பொய் சொல்லேலாது. நான் பதிவுக் கந்தோரிலை பதினாலு வருசம் இருந்தனான்."

"ஆர் பொய் சொல்லச் சொன்னது? நீங்கள் ஒண்டும் எழுத வேண்டாம். இது வானமலையோ இல்லையோ?"

"ஓம், வானமலைதான்."

"இது உச்சியோ இல்லையோ?"

"உச்சிதான்."

"படத்துக்குப் பின்னாலை அதை மட்டும் எழுதுங்கோ."

இவர் யோசித்தார். சட்டத்தில் ஒரு ஓட்டையைக் கண்ட எழுதுவினைஞரின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. கயிற்றை இழுத்துப் பிடித்தார்.

அன்று இறங்கி வருகையில் அந்தக் கிழவி தன் வீட்டு வாசலில் பனி வழித்துக்கொண்டு நின்றா. எங்கள் மரவீட்டுக்கு அடுத்த வீடுதான். மகளைக் கூப்பிட்டு விசாரித்தா. மகள் ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்: பெரியப்பா, நோர்வே, தோசைக்கல்லு, படம். கிழவி பனி வழிக்கும் சவளை நிலத்தில் குத்தினா. தன் தங்கையை நோர்வேக்காரன் ஒருவன் கட்டியிருக்கிறானாம். நாற்பது வருடமாக ஒவ்வொரு கோடையும் வந்து, இந்த மலையைப் பார்த்து, 'இது எங்கள் ஊரில் கிழங்குக் குவியல்' என்று சொல்கிறானாம். "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்டா.

பிறகு வந்த மூன்று நாளும் எங்களுக்கு வேலை அதிகம். காலையில் சுளகைக் கட்டிக்கொண்டு புறப்படுவோம். கிழவி தன் இறந்துபோன புருஷன் மோட்டர்சைக்கிள் ஓடும்போது போட்ட கண்ணாடியும், ஏரியில் மீன் பிடிக்க ஐஸ் உடைக்கும் இரும்புக் கம்பியும் கொண்டு வந்தா. கண்ணாடியை இவருக்கு மாட்டி, கம்பியைக் கையில் கொடுத்தோம். பனிப்புயல் வேண்டும் என்று மகள் சொன்னாள். கிழவி ஒரு ஊசியிலை மரத்தின் கீழ் போய்க் கொப்பைப் பிடித்து உலுப்பினா. மகன் மற்றப் பக்கத்தால் சவளால் பனியை அள்ளி எறிந்தான். நடுவில் இவர் ஒரு கையால் முகத்தை மறைத்து முன்னேறினார். "இன்னும் கொஞ்சம் பயப்படுங்கோ!" என்று நான் கத்துவேன். நாய் குரைக்கும். எடுத்து முடிந்ததும், கழுத்துக்குள் பனி போய்விட்டது என்று கிழவி ஒரு கால் தூக்கி ஆடுவா.

இந்த விளையாட்டுக்கிடையில் எங்களுக்கு நடக்கவும் பழகிவிட்டது. இரண்டாம் நாளே வாத்து நடை தானாக வந்தது. மூன்றாம் நாள் பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்கினோம். கிழவி கூட வர முயன்று முழங்கால் மட்டும் புதைந்து நின்றா. நாங்கள் நாலு பேரும் அவவுக்கு முன்னால், அதே பனியின் மேல், மிதந்தபடி நின்றோம். இவருக்கு அப்போது வந்த பெருமையைப் பார்க்க வேண்டும். கையைக் கொடுத்து அவவைப் பாதைக்கு ஏற்றிவிட்டு, "கவனம்" என்று டேனிஷில் சொன்னார். அந்தச் சொல்லை அதுவரை எல்லாரும் எங்களுக்குத்தான் சொல்லியிருந்தார்கள்.

ஏரிக்கரையோரம் நாங்கள் நாலு பேருமாக நடந்த மத்தியானம் ஒன்று எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஒரு சத்தமுமில்லை. சுளகு பனியில் அமரும் மெல்லிய சறுக் சறுக் மட்டும். பிள்ளைகள் முன்னால் போனார்கள். திடீரென்று இவர் தனியாகச் சிரித்தார். என்னவென்று கேட்டேன். "கச்சேரியிலை என்னோடை இருந்த ஆக்கள் இப்ப என்னைப் பாத்தால்" என்று தொடங்கினார், முடிக்க முடியவில்லை. நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. எங்களுக்கு விசர் பிடித்துவிட்டது என்று மகள் மகனுக்கு டேனிஷில் விளக்கினாள்.

கடைசி நாள் கடைசிப் படம். இதுவரை எடுத்ததெல்லாம் போதாது, ஒரு தொங்கல் படம் வேண்டும் என்று எனக்குத்தான் ஆசை வந்தது. உச்சிக்குச் சற்றுக் கீழே சரிவில் ஒரு சின்ன மடு. ஆள் உயரம் இருக்கும். அதன் விளிம்பில் இவர் சாய்ந்து நிற்க, உடுப்புக் கொடியின் மறுமுனையைக் கிழவி மரத்தில் சுற்றிப் பிடித்திருந்தா. நான் கீழே படுத்திருந்தேன்.

"இன்னும் கொஞ்சம் பின்னாலை சாயுங்கோ."

"காணும்!"

"இன்னும் கொஞ்சம்."

நைலோன் கயிறு ஈரத்தில் வழுக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அது மரத்திலிருந்து உருவிக்கொண்டது. இவர் "அம்..." என்றார். மிச்சம் கேட்கவில்லை. என் தலைக்கு மேலால் பறந்து, மடுவைத் தாண்டி, முதுகால் பனியில் விழுந்து சறுக்கத் தொடங்கினார். இரண்டு சுளகும் வானத்தைப் பார்த்தபடி, நீலக் கயிறு பின்னால் வாலாக இழுபட, மரங்களுக்கிடையில் இடமும் வலமும் திரும்பித் திரும்பிப் போனார். எப்படித் திரும்பினார் என்று இன்றுவரை அவருக்கும் தெரியாது. நாய் கயிற்றைத் துரத்திக்கொண்டு பின்னால் ஓடியது. பாதை வளையும் இடத்தில், காற்று குவித்த பனிமேட்டுக்குள் பூந்து மறைந்தார்.

"அப்பா!" என்று மகன் கத்தினான். நான் சுளகோடு விழுந்தெழும்பி ஓடினேன், பாதித் தூரம் நானும் சறுக்கினேன். என் பகிடிதான் என் மனுஷனைக் கொன்றுபோட்டது என்று மனம் சொல்லிக்கொண்டேயிருந்தது. பனிமேட்டில் ஒரு சுளகு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நாய் அதைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் தோண்டினேன். முதலில் மோட்டர்சைக்கிள் கண்ணாடி வந்தது. பிறகு மூக்கு. பிறகு வாய். வாய்க்குள்ளிருந்த பனியைத் துப்பிவிட்டு அந்த வாய் கேட்டது:

"படம் எடுத்தனீரோ?"

எடுத்திருந்தேன். பயத்தில் விரல் தானாக அமத்தியிருக்கிறது. கழுவி வந்தபோது அதுதான் எல்லாவற்றிலும் நல்ல படம். வானத்தில், ஒரு மனுஷன், கைகால் விரிந்து. அதன் பின்னால் இவர் கொஞ்சமும் தயங்காமல் எழுதினார்: 'வானமலை. விழும்போது.'

ஐந்து படம் நோர்வேக்குப் போனது. பதில் வழக்கம் போல ஆறஅமர வரவில்லை. எட்டாம் நாளே வந்தது. மலைகளைப் பற்றிய பந்தி அதில் இல்லை. "தம்பி, நீ ரெண்டு பிள்ளையளின்ரை தேப்பன். உனக்கு உந்த வயசிலை உது தேவையில்லாத வேலை. நான் அறியாமல் ஒரு பகிடிக்கு அனுப்பினனான்" என்று தொடங்கி, இரண்டு பக்கம் கெஞ்சியிருந்தார். மூன்றாம் பக்கத்தில் வேறொரு கதை. விழும் படத்தைத் தொழிற்சாலையில் மேற்பார்வை பார்க்கும் நோர்வேக்காரருக்குக் காட்டினாராம். எந்த இடம் என்று அந்த ஆள் கேட்டாராம். டென்மார்க் என்றதும் மீன் பெட்டியின் மேல் இருந்து சிரித்தாராம். தம்பியைப் பார்த்து ஒருவன் சிரிப்பதா என்று அண்ணனுக்குக் கோபம். வேலைத்தலத்தில் வாய்ச்சண்டை. கடைசியில், நான் நேரே போய்ப் பார்த்து வந்து சொல்கிறேன் என்று சவால் விட்டிருக்கிறார். ஈஸ்டர் லீவுக்கு வருகிறாராம்.

இவர் கடிதத்தை மேசையில் வைத்தார். "உம்மாலைதான்" என்றார்.

"நீங்கள்தானே பின்னாலை எழுதினது" என்றேன்.

ஈஸ்டருக்கு முன் பனி முழுக்கக் கரைந்துவிட்டது. இவருடைய அண்ணனை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவது. அத்தான் கணுக்காலுக்கு மேல் ஏறும் தடித்த சப்பாத்தோடும் முதுகில் ஒரு பெரிய பையோடும் வந்து இறங்கினார். வந்த முதல்நாள் மழை என்று இவர் தப்பினார். இரண்டாம் நாள் வயிற்றுக்குத்து என்றார். இரவு சாப்பாட்டில் அத்தான் என்னிடம், "தம்பிக்கு அந்த விழுந்த பயம் இன்னும் போகேல்லைப் போலை, பிள்ளை" என்று மெல்லச் சொன்னார். நான் சிரிப்பை அடக்க உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன்.

மூன்றாம் நாள் போனோம். அடிவாரத்தில் காடெல்லாம் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. அத்தான் சப்பாத்து நூலை இறுக்கிக் கட்டினார். "எத்தினை மணித்தியாலம்?"

"நடவுங்கோ அண்ணை" என்றார் இவர், நிலத்தைப் பார்த்தபடி.

அத்தான் நடக்கத் தொடங்கினார், நடக்கத் தொடங்கியதும் கதைக்கவும் தொடங்கினார். வடக்கே மலைகள் எப்படிக் கடலுக்குள்ளிருந்து நேரே எழும்பும், எப்படி ஒரு பக்கம் வெயிலும் மறுபக்கம் இருட்டுமாக நிற்கும், மலையென்றால் முதலில் அதற்கு மரியாதை கொடுக்க வேண்டும், எங்களைப் போல விளையாடக் கூடாது. மூச்சு வாங்க வாங்கக் கதைத்தார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். கோபுரத்தடியில் வந்து நின்று, நெற்றியைத் துடைத்துவிட்டு அத்தான் சுற்றிப் பார்த்தார்.

"சரி, மலை எங்கை?"

"நீங்கள் கதைச்சுக்கொண்டே ஏறி முடிச்சிட்டியள்" என்றார் இவர்.

அத்தான் கோபுரத்தைப் பார்த்தார். ஐஸ்கிறீம் கடையைப் பார்த்தார். அது திறந்திருந்தது. பிறகு சட்டைப்பைக்குள்ளிருந்து ஐந்து படத்தையும் எடுத்தார். இவ்வளவு தூரம் கூடவே கொண்டு வந்திருக்கிறார். ஒவ்வொன்றாகப் பார்த்தார், திருப்பிப் பின்னால் வாசித்தார். இவருக்கு முகம் வெளிறிப்போனது. ஆனாலும் பதிவுக் கந்தோர் விடவில்லை. "எழுதினதிலை ஒரு சொல் பொய் இருந்தால் காட்டுங்கோ அண்ணை" என்றார்.

அத்தான் சரிவின் விளிம்புக்குப் போய் மடுவை எட்டிப் பார்த்தார். அவருடைய பெரிய சப்பாத்தின் நுனி மடுவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. நெடுநேரம் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். தோள் ஆடியது. அழுகிறார் என்று நினைத்து இவர் ஓடினார். திரும்பியபோது அத்தானின் கன்னமெல்லாம் கண்ணீர்தான். ஆனால் சிரிப்பால் வந்தது.

"உதுக்குள்ளையோ விழுந்தனீ?"

"ஓம்."

"படம் ஆர் எடுத்தது?"

பிள்ளைகள் இரண்டு பேரும் என்னைக் காட்டினார்கள். இவரும் என்னைக் காட்டினார். கட்டின மனுஷன்! நான் ஏச்சு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்தேன். அத்தான் தன் பையைத் திறந்து, உறையிலிருந்து ஒரு நல்ல கமராவை எடுத்து என் கையில் வைத்தார்.

"எனக்கும் ஒண்டு எடும் பிள்ளை. வேலையிலை அந்த மனுசன் என்ரை முகத்தைப் பாத்துச் சிரிச்சவன்."

"பனி இல்லையே அத்தான்."

அதே நேரத்தில் வழக்கம் போல நாயோடு ஏறி வந்தா கிழவி. மகள் போய் நிலைமையை விளக்கினாள். கிழவி அத்தானை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நோர்வேயிலிருந்து வந்தவன் எங்கள் பக்கமா என்று மட்டும் கேட்டா. எங்கள் பக்கம்தான் என்று மகள் உறுதி கொடுத்தாள். கிழவி இறங்கிப் போய், முக்கால் மணித்தியாலத்தில், இரண்டு வெள்ளைப் படுக்கை விரிப்போடு திரும்பி வந்தா. சரிவில் காய்ந்து கிடந்த பற்றையின் மேல் அவற்றை விரித்தோம். சுருக்கங்கள் பனி போலவே இருந்தன. அத்தான் மேல்விரிப்பைக் கட்டிப் பிடித்தபடி குப்புறப் படுத்தார். நான் ஈரச் சருகுக்குள் படுத்துக் கமராவைச் சரித்தேன்.

"அத்தான், கொஞ்சம் பயப்படுங்கோ."

"பயப்படுற மாதிரி நடிக்கத் தேவையில்லைப் பிள்ளை," என்றார் அத்தான் விரிப்புக்குள்ளிருந்து. "எனக்கு உயரமெண்டாலே நடுக்கம். அங்கை வந்து இவ்வளவு காலத்திலை ஒரு மலையிலையும் நான் ஏறினதில்லை. சன்னலாலை பாக்கிறதோடை சரி."

இவர் கையிலிருந்த ஐஸ்கிறீமைக் கீழே போட்டுவிட்டார். நாய் அதை எடுக்க ஓடி வந்து விரிப்பின் நடுவால் போனது. நான் அமத்திவிட்டேன். அந்தப் படத்தில் பனிச்சரிவில் உயிரைக் கையில் பிடித்துத் தொங்கும் ஒரு மனுஷரும், மூலையில் ஒரு குட்டை வாலும் இருக்கின்றன. வால் யாருடையது என்று தொழிற்சாலையில் கேட்டார்களாம். ஓநாய் என்று சொன்னதாகப் பிறகு எழுதினார். நம்பினார்களா என்று எழுதவில்லை.

அத்தான் புறப்பட்ட நாளில் ரயில் நிலையத்தில் எல்லாருமாக நின்றோம். ரயில் வர இன்னும் நேரமிருந்தது. அத்தான் எங்கள் மகளோடு தன் நோர்வீஜிய மொழியில் ஏதோ கதைத்தார். அவள் டேனிஷில் பதில் சொன்னாள். இரண்டு மொழியும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்கியது. ஆனால் இரண்டு பேரும் மற்றவர் சொல்லைத் திருத்திக்கொண்டேயிருந்தார்கள். அது அப்படியில்லை, இப்படித்தான் என்று குரல் ஏறியது. பக்கத்து வாங்கில் இருந்த ஒரு டேனிஷ்காரர் பத்திரிகையை இறக்கிவிட்டு, மகள் பக்கம் சேர்ந்து ஒரு சொல்லைச் சொன்னார். அத்தான் அவரோடும் வாதாடினார். இவர் என் காதில், "என்ன கதைக்கினம்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். ரயில் வந்து, அத்தான் ஏறி, சன்னலைத் திறந்து, அது போகத் தொடங்கிய பிறகும் மகளுக்கு ஒரு சொல்லைக் கத்தினார். அவள் ரயிலோடு கொஞ்சத் தூரம் ஓடி, சரியான சொல்லைத் திருப்பிக் கத்தினாள்.